'ஆஸ்க்'கா, 'ரிக்வெஸ்ட்'டா, 'டிமாண்ட்'டா? நம் 'கேள்' ஒன்றுக்கு ஆங்கிலத்தில் எதை எடுப்பது

நான்கு வரி மின்னஞ்சல். மூன்று வரி எழுதியாகிவிட்டது. நான்காவது வரியில் ஓர் ஆவணத்தை அனுப்பும்படி கேட்க வேண்டும், அவ்வளவுதான். 'ஐ ஆஸ்க் யூ டு செண்ட்' என்று அடித்தால் மொட்டையாகத் தெரிகிறது. 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி செண்ட்' என்றால் மனு எழுதுகிற மாதிரி இருக்கிறது. வெறும் 'பிளீஸ் செண்ட்' போட்டால் அதிகாரம் பண்ணுகிறோமோ என்று ஒரு தயக்கம். அடிப்பதும் அழிப்பதுமாகப் பத்து நிமிடம் போய்விடும்.

மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் பிழைப்பு என்பதால், "இதுல எதுங்க சரி?" என்ற கேள்வி அடிக்கடி என்னிடம் வந்து சேர்கிறது. இலக்கணப்படி பார்த்தால் எல்லாமே சரிதான். ஆனால் ஒவ்வொன்றும் எதிராளியை வேறு வேறு இடத்தில் நிறுத்துகிறது. அதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப்போகிறேன்.

## சிக்கல் எங்கே தொடங்குகிறது

நமக்கு 'கேள்' ஒன்று போதும். பாட்டு கேட்கிறோம், வழி கேட்கிறோம், கடன் கேட்கிறோம், மன்னிப்பு கேட்கிறோம், நியாயம் கேட்கிறோம். வெளியே சத்தம் கேட்கிறது. பிள்ளை சொன்ன பேச்சு கேட்பதில்லை. காதுக்குப் போகிற கேள்வியும் வாயிலிருந்து வருகிற கேள்வியும் நமக்கு ஒரே வினைதான். ஆங்கிலத்தில் காது வேலைக்கு 'ஹியர்', 'லிசன்' என்று தனி வீடு. அதை இங்கே விட்டுவிடலாம். வாய் வேலைக்கு மட்டுமே ஒரு கூட்டம் இருக்கிறது: 'ஆஸ்க்', 'ரிக்வெஸ்ட்', 'என்கொயர்', 'டிமாண்ட்', 'பெக்' என்று.

இன்னொன்றும் உண்டு, இதுதான் நம்மை உண்மையில் தடுக்கி விழவைப்பது. தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. 'கொடு', 'கொடுங்கள்', 'கொடுக்கிறீர்களா', 'கொடுத்தால் நன்றாக இருக்கும்' என்று வாலை நீட்டிக்கொண்டே போகலாம், 'கொடு' மாறாது. ஆங்கில வினைக்கு 'ங்க' கிடையாது. அந்த வெறுமை நமக்கு உறுத்துகிறது. எனவே வாலுக்குப் பதில் வினையையே மாற்றிவிடுகிறோம். பெரியவரிடம் 'ஆஸ்க்' பண்ணக் கூடாது, 'ரிக்வெஸ்ட்'தான் பண்ண வேண்டும் என்று ஒரு விதியை நாமாகவே எழுதிக்கொள்கிறோம். ஆங்கிலம் தன் மரியாதையை வேறு இடத்தில் வைத்திருக்கிறது: 'குட் யூ', 'உட் யூ மைண்ட்' போன்ற கேள்வி வடிவத்தில். 'கேன்' என்பதைக் 'குட்' ஆக்கினாலே பாதி பணிவு வந்துவிடும். வினை எதுவாக இருந்தாலும் சரி.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, கேட்பது என்ன: பதிலா, பொருளா, ஒருவர் செய்ய வேண்டிய காரியமா?

இரண்டாவது, எதிராளி 'முடியாது' என்று சொல்ல எவ்வளவு இடம் விடுகிறோம்? நான்கில் எடை அதிகம் இதற்குத்தான். பணிவு, அழகு, தரம் எல்லாம் இதற்குப் பிறகு.

மூன்றாவது, எங்கே: பேச்சிலா, கடிதத்திலா, அறிவிப்புப் பலகையிலா?

நான்காவது, அந்தச் சொல் கூடவே இழுத்து வரும் இலக்கணம். இதை மறைமுகச் செலவு என்பேன். சொல் நன்றாக இருக்கும், ஆனால் அதன் பின்னால் தவறான இடைச்சொல் ஒட்டிக்கொண்டு மொத்த வாக்கியத்தையும் கெடுத்துவிடும்.

| சொல் | எதைக் கேட்க | மறுக்க இடம் | பொருந்தும் இடம் | இடறும் இடம் |
|---|---|---|---|---|
| ஆஸ்க் | பதில், பொருள், காரியம் மூன்றும் | நிறைய | எங்கும் | 'ஃபார்' எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் |
| ரிக்வெஸ்ட் | பொருள், காரியம் | பெயருக்கு உண்டு | கடிதம், அறிவிப்பு | வினைக்குப் பின் தேவையில்லாத 'ஃபார்' |
| என்கொயர் | தகவல் மட்டும் | பேச்சே எழாது | கடிதம், விளம்பரம் | ஆளை நேரடிச் செயப்படுபொருளாக ஏற்காது |
| டிமாண்ட் | பொருள், காரியம், விளக்கம் | இல்லை | உரிமைப் போராட்டம், சட்டக் கடிதம் | 'டிமாண்ட் ஹிம் டு' என்று வராது |
| டெல் | காரியம் | இல்லை | உத்தரவு | கேட்பதாக நினைத்து உத்தரவிட்டுவிடுவது |

கடைசிச் சொல் இந்தக் குடும்பமே இல்லை. ஆனாலும் ஏன் சேர்த்தேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

## ஆஸ்க்

பழைய ஆங்கிலத்திலிருந்தே இருக்கும் வீட்டுச் சொல். மற்றவை பெரும்பாலும் இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை. வீட்டுச் சொல் என்பதால் எளிமையாகத் தெரியும், அதை மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை. நாட்டின் தலைவரிடமும் 'ஆஸ்க்' செய்யலாம், கடவுளிடமும் செய்யலாம். 'கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்' என்ற விவிலிய வரி 1611-இன் புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பில் 'ஆஸ்க்' என்றுதான் இருக்கிறது. 1535-இல் வந்த கவர்டேல் மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் 'ஆக்ஸ்' என்று இருந்தது. பழைய ஆங்கிலத்தில் இரண்டு வடிவமும் புழங்கின. இன்று யாராவது 'ஆக்ஸ்' என்று சொன்னால் சிரிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சிரிக்கலாம்.

இலக்கணச் செலவு இங்கேதான் அதிகம், ஏனென்றால் அதிகம் புழங்குவது இதுதான்.

'அவரிடம் கேட்டேன்' என்பதில் உள்ள 'இடம்' நம்மை 'ஐ ஆஸ்க்ட் டு ஹிம்' என்று சொல்லவைக்கும். அந்த 'டு' வேண்டாம். 'ஐ ஆஸ்க்ட் ஹிம்', முடிந்தது.

பணம் கேட்டால் 'ஃபார்' வேண்டும்: 'ஐ ஆஸ்க்ட் ஹிம் ஃபார் மணி'. நேரம் கேட்டால் வேண்டாம்: 'ஐ ஆஸ்க்ட் ஹிம் த டைம்'. ஏன் இந்த வித்தியாசம்? நேரம், வழி, பெயர், விலை எல்லாம் வாயால் சொன்னாலே கிடைத்துவிடும் பதில்கள். பணம், உதவி, விடுப்பு எல்லாம் கொடுக்க வேண்டியவை. கைக்கு வர வேண்டியதென்றால் 'ஃபார்' என்று நினைவில் வைத்தால் பெரும்பாலும் தவறு வராது.

'ஐ ஆஸ்க்ட் டு லீவ்' என்றால் நான் கிளம்ப அனுமதி கேட்டேன். 'ஐ ஆஸ்க்ட் ஹிம் டு லீவ்' என்றால் அவரைக் கிளம்பச் சொன்னேன். நடுவில் ஒரு 'ஹிம்' விழுந்தால் வெளியே போகிற ஆள் மாறிவிடுகிறார்.

அடுத்தது நம் 'என்று' செய்கிற வேலை. 'எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்' என்னும்போது, கேட்ட கேள்வியை அப்படியே தூக்கி 'என்று' என்ற பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம். கேள்வி கசங்குவதில்லை. அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் 'ஐ ஆஸ்க்ட் ஹிம் வேர் ஆர் யூ கோயிங்' என்று வந்துவிடுகிறது. ஆங்கிலம் கேள்வியைப் பிரித்து, ஆளை மாற்றி, காலத்தைத் தள்ளி, 'வேர் ஹி வாஸ் கோயிங்' என்று மடித்து வைக்கச் சொல்கிறது. பத்து வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர்களிடமும் இந்தப் பிழை இருக்கும். காரணம் அறியாமை இல்லை, 'என்று' அவ்வளவு வசதி.

'சந்தேகம் கேட்டேன்' என்பதை 'ஐ ஆஸ்க்ட் எ டௌட்' ஆக்குவதும் இதே வகை. 'டௌட்' மனதில் இருப்பது, அதைக் கேட்க முடியாது. கேட்பது 'கொஸ்டின்'தான்.

கூட்டுவினைகள் இரண்டைக் கவனித்தால் போதும். 'ஆஸ்க் ஆஃப்டர்' என்றால் நலம் விசாரிப்பது. 'ஆஸ்க் அவுட்' என்றால் ஒருவரை விருப்பத்தோடு தனியாகச் சந்திக்க அழைப்பது. 'வெளியே கூப்பிட்டேன்' என்று நினைத்துச் சக ஊழியரைப் பற்றி இதைச் சொல்லிவைக்காதீர்கள். அது நிஜமாகவே 'ஆஸ்கிங் ஃபார் டிரபிள்', அதாவது வம்பை விலைக்கு வாங்குவது.

## ரிக்வெஸ்ட்

நமக்குப் பிடித்தமான சொல், அதனாலேயே அளவுக்கு மீறி உழைக்கிற சொல்.

இதன் வேர் இலத்தீனின் 'தேடு' என்ற வினை. 'கொஸ்டின்', 'க்வெஸ்ட்', 'என்கொயர்', 'ரிக்வையர்' எல்லாம் அதே வயிற்றில் பிறந்தவை. வெற்றிகொள்வதைக் குறிக்கும் 'காங்கர்' கூட அதன் பேரப்பிள்ளைதான். இந்தக் குடும்பத்தில் 'ரிக்வெஸ்ட்'டும் 'ரிக்வையர்'உம் ஆபத்தான இரட்டையர். 'யூ ஆர் ரிக்வெஸ்டெட் டு' என்று அறிவிப்பில் இருந்தால் தயவுசெய்து செய்யுங்கள் என்று பொருள். 'யூ ஆர் ரிக்வையர்ட் டு' என்றால் செய்தே ஆக வேண்டும். வேகமாகப் படித்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பின்னதை விட்டுவிட்டு அபராதம் கட்டியவர்களுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

'ரிக்வெஸ்ட்' பணிவானதா? கீழிருந்து மேலே போகும்போது பணிவு. மேலிருந்து கீழே வரும்போது பட்டுத் துணியில் சுற்றிய உத்தரவு. மேலாளர் 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு பி ஆன் டைம்' என்று எழுதினால் அதற்கு 'முடியாது' என்று பதில் எழுத முடியுமா? மேலே அட்டவணையில் 'பெயருக்கு உண்டு' என்று போட்டது இதனால்தான்.

இன்னொரு செலவு, தூரம். நெருங்கியவரிடம் இந்தச் சொல்லை எடுத்தால் ஏதோ கோபம் என்று தோன்றும். 'நான் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்' என்று வீட்டில் பேசிப் பாருங்கள், என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். ஆங்கிலத்திலும் அதே விளைவுதான். 'கைண்ட்லி'யும் 'டூ த நீட்ஃபுல்'லும் சேர்ந்துவிட்டால் பழைய அலுவலகக் கோப்பின் வாசனை வந்துவிடும். பிழை என்று சொல்லமாட்டேன். நம் அலுவலகங்களில் எல்லோருக்கும் புரிகிறது, யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பும் கடிதத்தில் மட்டும் வெட்டிவிடுகிறேன்.

இலக்கணம் சுலபம், ஆனால் எல்லோரும் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. பெயர்ச்சொல்லாக வந்தால் 'எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்'. வினையாக வந்தால் 'ஃபார்' கிடையாது, 'ஐ ரிக்வெஸ்டெட் லீவ்'. 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்பதை நான் திருத்திய எண்ணிக்கைக்கு எனக்கே யாராவது விடுப்பு தர வேண்டும்.

இந்தச் சொல் பளிச்சென்று வேலை செய்கிற இடம், மூன்றாவது ஆளைப் பற்றிப் பதிவு செய்யும்போது: 'த கிளையண்ட் ரிக்வெஸ்டெட் எ ரீஃபண்ட்'. உணர்ச்சி இல்லை, பக்கச்சாய்வு இல்லை. 'ஆஸ் ரிக்வெஸ்டெட்' என்பதும் அப்படித்தான். இணைப்பை அனுப்பும்போது 'நீங்கள் கேட்டபடி' என்று சொல்ல இதைவிடச் சுருக்கமாக எதுவும் இல்லை.

## என்கொயர்

தகவல் கேட்க மட்டும். பிரிட்டனில் பொதுவாக விசாரிப்பதற்கு 'என்கொயர்' என்றும், அதிகாரபூர்வ விசாரணைக்கு 'இன்கொயரி' என்றும் பிரித்து எழுதுவோர் உண்டு. அமெரிக்காவில் இரண்டுக்கும் 'இன்'தான். 'ஐ என்கொயர்ட் ஹிம்' வராது, 'ஐ என்கொயர்ட் அபௌட் த ஜாப்' வரும். 'இன்டு' சேர்ந்தால் துப்புத் துலக்குவது.

'அண்ணனை விசாரிச்சதா சொல்லுங்க' என்பதில் உள்ள 'விசாரி'யை இங்கே கொண்டுவர வேண்டாம். அண்ணன் மேல் ஏதோ வழக்கு இருப்பதாக நினைத்துக்கொள்ள இடமுண்டு. 'சே ஹலோ டு ஹிம்' போதும். பேச்சில் 'என்கொயர்' எடுக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

## டிமாண்ட்

பிரெஞ்சில் இதன் உடன்பிறப்புக்கு வெறும் 'கேள்' என்றுதான் பொருள். ஆங்கிலத்தில் வந்து முறைத்துக்கொண்டு நிற்கிறது. 'கொடு, இல்லாவிட்டால்' என்பதில் அந்த 'இல்லாவிட்டால்' சொல்லப்படாமலே உள்ளே இருக்கும். அதுதான் மறைமுகச் செலவு: 'டிமாண்ட்' செய்து, எதிராளி மறுத்து, அதன்பின் நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றால் சொன்ன சொல் காற்றுப்போன பலூன்.

நம்மைக் குழப்புவது 'கோரிக்கை'. தமிழில் 'தங்கள் மேலான கவனத்துக்கு ஒரு கோரிக்கை' என்றால் 'ரிக்வெஸ்ட்'. 'எங்கள் கோரிக்கைகளை நிறைவேற்று' என்றால் 'டிமாண்ட்'. ஒரே சொல், இரண்டு முதுகெலும்பு. ஒருமுறை ஒரு தொழிற்சங்க அறிக்கையின் மொழிபெயர்ப்பு என்னிடம் மெய்ப்புக்கு வந்தது. 'கோரிக்கைப் பட்டியல்' என்பதை 'லிஸ்ட் ஆஃப் ரிக்வெஸ்ட்ஸ்' என்று போட்டிருந்தார்கள். வாக்கியம் வாக்கியமாகப் பார்த்தால் ஒரு பிழையும் இல்லை. ஆனால் தமிழில் நிமிர்ந்து நின்றவர்கள் ஆங்கிலத்தில் கைகட்டி நின்றார்கள். 'சார்ட்டர் ஆஃப் டிமாண்ட்ஸ்' என்பது அந்த வட்டாரத்தில் நிலைபெற்ற தொடர். அதை மட்டும் மாற்றியதும் மற்ற வரிகளும் சரியாக ஒலிக்கத் தொடங்கின. எதிர்த்திசையிலும் இது நடக்கும்: செய்தியில் 'டிமாண்ட்' என்று வந்ததையெல்லாம் 'கேட்டுக்கொண்டார்' என்று தமிழாக்கினால் கோபம் ஆவியாகிவிடும். அங்கே 'வலியுறுத்தினார்' கைகொடுக்கும்.

'ஹி டிமாண்டெட் மீ டு கம்' தவறு. 'ஹி டிமாண்டெட் தட் ஐ கம்' சரி. 'டிமாண்ட்' ஆளைத் தொடாது, கேட்கும் காரியத்தையே தொடும். பொருளாதாரத்தில் வரும் தேவை, கிராக்கி என்ற பொருளில் மட்டும் இந்தச் சொல்லுக்குக் கோபம் கிடையாது.

## டெல்: வேலியோரம் நிற்கும் சொல்

'வரச் சொன்னார்' என்பதை ஆங்கிலத்தில் போடுங்கள். கை தானாக 'ஹி டோல்ட் மீ டு கம்' என்று போகும். 'சொல்'லுக்கு 'டெல்' என்றுதானே படித்தோம். ஆனால் 'டெல்' பின்னால் 'டு' வந்தால் அது உத்தரவு. நம் 'வரச் சொன்னார்' உத்தரவாகவும் இருக்கலாம், அழைப்பாகவும் இருக்கலாம். அழைப்பென்றால் 'ஹி ஆஸ்க்ட் மீ டு கம்' என்றுதான் எழுத வேண்டும்.

இதை நான் சொந்தச் செலவில் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் கோப்பு அனுப்பத் தாமதித்தார். 'நேற்றே அனுப்பச் சொல்லியிருந்தேனே' என்பதை நினைத்துக்கொண்டு, 'ஐ டோல்ட் யூ டு செண்ட் இட் எஸ்டர்டே' என்று எழுதினேன். கோப்பு உடனே வந்தது. வழக்கமாக இருக்கும் 'ஹாய்' இல்லை, கீழே பெயரும் இல்லை. தமிழில் அந்தக் கடைசி 'ஏ' எவ்வளவு கோபத்தைக் கரைக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த 'ஏ' என் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது. அவருக்குப் போனது முதலாளி வேலைக்காரனிடம் பேசுகிற வாக்கியம்.

என் கணக்கில் தமிழர்கள் எழுதும் ஆங்கிலத்தில் உறவைக் கெடுக்கிற பிழை இதுதான். 'ரிக்வெஸ்ட் ஃபார்' வெறும் இலக்கணப் பிழை, யாருக்கும் வலிக்காது. 'டோல்ட் யூ டு' இலக்கணப்படி சுத்தம், ஆனால் வலிக்கும்.

## மீதி உள்ளவை

'பெக்' பிச்சை கேட்பது, கெஞ்சுவது. ஆனால் 'ஐ பெக் யுவர் பார்டன்', 'ஐ பெக் டு டிஃபர்' இரண்டிலும் கெஞ்சல் இல்லை. பின்னது 'எனக்கு அதில் உடன்பாடில்லை' என்பது, அதில் பல சமயம் ஒரு நக்கலே இருக்கும். 'கொஸ்டின்' வினையாக வந்தால் பெரும்பாலும் சந்தேகிப்பது. 'ஐ கொஸ்டின்ட் ஹிஸ் பில்' என்றால் அவருடைய கணக்கை நம்பவில்லை என்று பொருள். 'இன்டராகேட்' காவல்துறை வேலை, நமக்கு வேண்டாம்.

## நம்மிடமும் இருந்தது

மேலோர், கீழோர் பார்த்துக் கேட்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் தொல்காப்பியம் வரை போகலாம். இரந்து கேட்பதற்கு அங்கே மூன்று சொல்: ஈ, தா, கொடு. தன்னைவிட உயர்ந்தவரிடம் கேட்பவர் 'ஈ' என்பார், சமமானவரிடம் 'தா', தாழ்ந்தவரிடம் 'கொடு'. 'ஈ என் கிளவி இழிந்தோன் கூற்றே' என்று நூற்பா. கேட்பவர் யார், கொடுப்பவர் யார் என்று பார்த்துத்தான் சொல் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த வேறுபாடு பேச்சில் தேய்ந்துபோய், மரியாதை முழுக்க 'ங்க'வுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனாலும் ஆளைப் பார்த்துச் சொல்லை எடுக்கும் அந்தக் கணக்கோடுதான் 'ஆஸ்க்', 'ரிக்வெஸ்ட்' வரிசையையும் நாம் படிக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலக்காரர் பெரும்பாலும் படிப்பது வேறு வரிசை: எதிராளி எவ்வளவு சுலபமாக மறுக்கலாம் என்பது.

## அப்படியானால் எதை எடுப்பது

நேரில் பேசினால், யாராக இருந்தாலும், வினையே வேண்டாம். 'ஐ ஆஸ்க் யூ'வும் வேண்டாம், 'ஐ ரிக்வெஸ்ட் யூ'வும் வேண்டாம். 'குட் யூ' என்று நேராகத் தொடங்கிவிடலாம். நடந்ததைப் பிறகு இன்னொருவரிடம் சொல்லும்போது 'ஆஸ்க்ட்'. அலுவல் பதிவேட்டில் அதையே எழுதும்போது 'ரிக்வெஸ்டெட்'.

விடுப்பு, சான்றிதழ், திருப்பிக் கேட்கும் பணம் போன்ற நடைமுறை உள்ள விஷயங்களுக்கு 'ரிக்வெஸ்ட்', பின்னால் 'ஃபார்' இல்லாமல். விலையும் விவரமும் கேட்டு முன்பின் தெரியாத நிறுவனத்துக்கு எழுதினால் 'என்கொயர்' போடலாம், 'ஆஸ்க்' போட்டாலும் குடி முழுகாது.

பணம் வர வேண்டும், வரவில்லை என்ற சூழலில்தான் இந்த வரிசை முழுதும் உதவும். முதல் கடிதத்தில் 'குட் யூ பிளீஸ்'. வாரம் கழித்து, 'ஐ அம் ரைட்டிங் டு ஆஸ்க் அபௌட்' என்று நினைவூட்டல். மூன்றாவதில் 'வி ரிக்வெஸ்ட் பேமெண்ட் பை' என்று தேதி போட்டு. இந்த மூன்றிலும் 'டோல்ட்' வரக் கூடாது, எவ்வளவு ஆத்திரம் வந்தாலும். நான்காவதில் 'டிமாண்ட்' எழுதலாம், ஆனால் அதை வக்கீல் எழுதட்டும்.